அளவுகோலை யார் அளப்பது?

"விளையாட்டைப் பற்றி எழுது, ஆனா நம்ம படிப்புக்கும் சம்பந்தம் இருக்கணும்" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். உடனே நினைவுக்கு வந்தது ஒரு பந்து வழக்கு. முதலாண்டில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த வாயு விதி, அதாவது பி.வி. = என்.ஆர்.டி., அமெரிக்க ஃபெடரல் கோர்ட் வரைக்கும் பேசப்பட்ட கதை அது. ஆனால் அந்தக் கதையில் பந்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: விசாரிக்க வந்தவரை எந்த அளவுக்கு நம்பலாம்?

2015 ஜனவரி 18. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபாக்ஸ்பரோ என்ற ஊர். அமெரிக்கக் கால்பந்தில் என்.எஃப்.எல். லீகின் முக்கியமான ஆட்டம். வெல்லும் அணி 'சூப்பர் பௌல்' இறுதிப் போட்டிக்குப் போகும். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் ஒரு பக்கம், இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் மறுபக்கம். இந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. தாக்கி ஆடும்போது ஒவ்வொரு அணியும் தன் சொந்தப் பந்துகளைத்தான் பயன்படுத்தும். முட்டை வடிவப் பந்துக்குள் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது விதி. காற்று குறைந்தால் பந்து பிடிக்க வாகாக இருக்கும்.

பேட்ரியாட்ஸ் பந்துகளில் காற்று குறைவு என்று கோல்ட்ஸ் அணி புகார் செய்தது. இடைவேளையில் பேட்ரியாட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். அத்தனையும் 12.5-க்குக் கீழே! கோல்ட்ஸ் பந்துகளில் நான்கைத்தான் அளக்க முடிந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பந்துகளுக்குக் காற்று நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் 28 புள்ளி எடுத்தது, கோல்ட்ஸ் பூஜ்யம். மொத்தத்தில் 45-7.

12 பந்துகளில் 11 பந்துகள் இரண்டு பவுண்டு குறைவு என்று செய்தி பரவியது. அது தவறான செய்தி. சரியான எண்கள் லீகின் கையில் இருந்தன. ஆனால் மே மாதம் வரை அவை வெளியே வரவில்லை.

ஜனவரி 23 அன்று லீக் ஒரு விசாரணையை அறிவித்தது. தலைமை தாங்கியவர் டெட் வெல்ஸ். நியூயார்க்கின் பால் வைஸ் என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் வக்கீல். கோர்ட் வட்டாரத்தில் மிகுந்த மரியாதைக்குரிய பெயர். அவரோடு இணைந்து நடத்துபவராக அறிவிக்கப்பட்டவர் ஜெஃப் பாஷ். இவர் லீகின் தலைமை வக்கீலேதான்! இருந்தாலும் 'சுயேச்சையான விசாரணை' என்றுதான் சொல்லப்பட்டது.

மே 6 அன்று 243 பக்க அறிக்கை வந்தது. பேட்ரியாட்ஸ் ஊழியர்கள் இருவர் வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு இது பொதுவாகவாவது தெரிந்திருக்கும் என்பது முடிவு. அணியின் உரிமையாளர், பயிற்சியாளர் மீது குற்றமில்லை. மே 11 அன்று தண்டனை: பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை, அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு வாய்ப்புகள் பறிப்பு.

பிடித்துக்கொண்டது சண்டை. வேலிக்கு ஓணான் சாட்சி என்று நாம் சொல்வோமே, அதைத்தான் பேட்ரியாட்ஸ் பக்கத்தினர் சொன்னார்கள். வெல்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது லீக். ஆட்டக்காரர்களின் தலைக்காய வழக்கில் லீகுக்காக வாதாடியதும் அவருடைய நிறுவனம்தான். அறிவியல் ஆய்வைச் செய்த எக்ஸ்போனென்ட் கம்பெனியையும் விடவில்லை. புகையிலைக் கம்பெனிகளுக்கு வேலை செய்தவர்கள்தானே, டொயோட்டாவுக்கு ஆய்வு செய்தவர்கள்தானே என்று பழைய கணக்கெல்லாம் கிளறினார்கள்.

மே 12 அன்று வெல்ஸ் நிருபர்களை அழைத்துக் கோபமாகவே பேசினார். என்னை நியமித்தபோது யாரும் என் நேர்மையைக் கேள்வி கேட்கவில்லை, அணியின் உரிமையாளரே வரவேற்றார், முடிவு பிடிக்கவில்லை என்றதும் தூற்றுகிறார்களே என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் 'நான் நல்லவன்' என்பதும் வாதமில்லை, 'நீ கெட்டவன்' என்பதும் வாதமில்லை. நாம் எஞ்சினியர்கள். ரீடிங்கைப் பார்ப்போம்.

நடுவரிடம் இரண்டு பிரஷர் கேஜ்கள் இருந்தன. ஒன்றில் லோகோ உண்டு, மற்றதில் இல்லை. இடைவேளையில் ஒரே பந்தை இரண்டிலும் அளந்தார்கள். லோகோ கேஜில் பேட்ரியாட்ஸ் பந்துகளின் சராசரி 11.49. மற்றதில் 11.11. ஒரே பந்து, ஒரே காற்று, ஆனால் ஏறக்குறைய 0.4 வித்தியாசம்!

இனி கணக்கு. அறையில் சுமார் 71 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 295 கெல்வின். மைதானத்தில் 48 டிகிரி, அதாவது 282 கெல்வின். கேஜ் காட்டுவது 12.5 என்றால், வளிமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்டி 27.2 என்று எடுக்க வேண்டும். (இதை மறந்து பரீட்சையில் மார்க் இழந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!) 27.2-ஐ 282-ஆல் பெருக்கி 295-ஆல் வகுத்தால் 26. அதிலிருந்து 14.7 போனால் 11.3. அறை 67 டிகிரியாக இருந்திருந்தால் 11.5. அதாவது யாரும் தொடாமலே, குளிரில் மட்டும் பந்து 11.3 முதல் 11.5 வரை இறங்கும்.

லோகோ கேஜின் 11.49 இந்த வரம்புக்குள் இருக்கிறது. மற்ற கேஜின் 11.11 வெளியே போகிறது. அப்படியானால் ஆட்டத்துக்கு முன் நடுவர் எந்தக் கேஜில் அளந்தார் என்பதில்தான் முழு வழக்கும் தொங்குகிறது. தனக்கு நினைவுள்ளவரை லோகோ கேஜ் என்றார் நடுவர் வால்ட் ஆண்டர்சன். வெல்ஸ் அவருடைய மற்ற நினைவுகளை ஏற்றுக்கொண்டார். இதை மட்டும் ஏற்கவில்லை.

காரணமே இல்லாமல் ஒதுக்கினார் என்று சொல்லக்கூடாது. இரண்டு அணிகளும் தத்தம் கேஜ்களில் வைத்து அனுப்பிய அளவும் நடுவர் கண்ட அளவும் ஒத்துப்போயின. லோகோ கேஜாக இருந்தால் அது நடக்காது என்று எக்ஸ்போனென்ட் வாதிட்டது. தவிர, ஓர் ஊழியர் பந்துப் பைகளோடு குளியலறைக்குள் போய் 1 நிமிடம் 40 விநாடி இருந்தது, தன்னையே 'டிஃப்ளேட்டர்' என்று எழுதிக்கொண்டது, பிரேடி தன் செல்போனை அழித்தது எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பக் கூடியவைதான்.

நிற்க. சுயேச்சை என்ற பேச்சுக்கு வருவோம். அறிக்கையின் வரைவை பாஷ் படித்துக் கருத்துச் சொன்னார் என்பது பின்னால் தெரியவந்தது. ஜூன் 23 அன்று அப்பீல் விசாரணை. அதில் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தவர் தண்டனையை ஏற்கெனவே ஆதரித்த லீகின் தலைவர் ராஜர் குடெல்! லீகின் சார்பில் பிரேடியைக் குறுக்கு விசாரணை செய்தவர் வெல்ஸின் நிறுவனத்து வக்கீல். நேற்று நடுநிலை விசாரணையாளர், இன்று ஒரு கட்சியின் வக்கீல். வெல்ஸ் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இந்த ஏற்பாட்டை எப்படி சுயேச்சை என்பது?

2015 செப்டம்பர் 3 அன்று நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். பாஷை விசாரிக்க பிரேடிக்கு வாய்ப்புத் தராதது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2016 ஏப்ரல் 25 அன்று அப்பீல் கோர்ட் 2-1 என்று அதை மாற்றியது. பந்தில் காற்று இறக்கப்பட்டதா என்பதை அது ஆராயவில்லை. தொழிலாளர் ஒப்பந்தப்படி லீகின் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றது, அவ்வளவே. பிரேடி நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். 2017 பிப்ரவரியில் மறுபடி சூப்பர் பௌல் கோப்பையை வென்றார்.

ஒன்றை மட்டும் வெல்ஸுக்குக் கணக்கில் வைக்க வேண்டும். அவர் எண்கள் அத்தனையையும் அச்சிட்டுக் கொடுத்தார். அதனால்தான் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் லெனார்ட் போன்றவர்கள் கணக்கை மறுபடி போட்டு, முடிவு தப்பு என்று வாதாட முடிந்தது. அடுத்த சீசனில் லீகே பல ஆட்டங்களில் பந்துகளைச் சோதித்தது. அந்த எண்களை வெளியிடவேயில்லை. பெரிய பெயர் உள்ளவரை நியமித்தால் போதாது. அவர் பெயரைக் கெடுத்தாலும் போதாது. வரைவை யார் திருத்தினார்கள், எண்கள் திறந்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு வழக்கும் எதனால்? ஆட்டத்துக்கு முன் எடுத்த ரீடிங்கை யாரும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை. எந்தக் கேஜ் என்றும் குறிக்கவில்லை. நம்ம லேபில் கருவியின் எண்ணையும் ஜீரோ எரரையும் எழுதாமல் போனால், அப்சர்வேஷன் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார் எங்கள் சார். அன்றைக்கு வெளியே வந்து அவரைத் திட்டியிருக்கிறோம். இந்த வழக்கைப் படித்து முடித்தபோதுதான், அவர் ஏன் கையெழுத்துப் போட மறுத்தார் என்பது எனக்குப் புரிந்தது.