எலெக்ட்ரான் கடந்த பாலம்

கனடாவில் 1915-இல் பிறந்த ஹென்றி டாப், பெர்க்லியில் 1940-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கார்னெலில் சில ஆண்டுகள் கற்பித்தபின் 1946-இல் சிகாகோ பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே உயர் வகுப்புக்கு அணைவுச் சேர்மங்களைப் பற்றிப் பாடம் சொல்ல முற்பட்டபோது, பாடநூல்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூலக் கட்டுரைகளைத் தேடிப் பயின்றார். அப்பயிற்சியின் விளைவே 1952-இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற ஆய்வுரை. பாட ஆயத்தம் ஆராய்ச்சிக்கு இடையூறு என்போர் இதனைக் கவனிப்பார்களாக!

ஓர் உலோக அணுவிலிருந்து மற்றோர் உலோக அணுவுக்கு எலெக்ட்ரான் எவ்வாறு செல்கின்றது? கோபால்ட்டுடன் பிணைந்திருந்த குளோரின், வினை முடிந்ததும் குரோமியத்துடன் பிணைந்திருக்கக் கண்டார். எலெக்ட்ரானை இழந்த குரோமியம் தன் பிணைப்புகளை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. ஆதலின் குளோரின் பிற்பாடு வந்து ஒட்டியது எனல் பொருந்தாது. எலெக்ட்ரான் கடக்கும் வேளையில் அது இரண்டையும் தொட்டுப் பாலமாய் நின்றிருத்தல் வேண்டும் அன்றோ?

பின்னர் ஸ்டான்போர்டில், 1969-இல், அவரும் கரோல் கிரூட்ஸ் அம்மையாரும் விலகாத பாலமொன்றை அமைத்தனர். இரு ருத்தேனிய அணுக்கள். நடுவே பைரசீன் வளையம். மொத்த மின்னேற்றம் 5. ஒன்றுக்கு 2, மற்றதற்கு 3 என்பதா? இரண்டுக்கும் இரண்டரை என்பதா? இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. எலெக்ட்ரான் இரண்டுக்கும் பொது என்ற பக்கமே சான்றுகள் சாய்ந்தன. 1983-இல் டாப் நோபெல் பரிசு பெற்றார், 2005-இல் மறைந்தார். மூலக்கூறையே மின்கம்பியாக்க முயலும் இன்றைய ஆய்வாளர், ஒப்புநோக்க எடுப்பது பெரும்பாலும் அவ்விரு ருத்தேனிய அணுக்களைத்தான்.