பனிக்கட்டி காத்த மாளிகை

சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் சென்னை செல்லும் இளைஞர், கடற்கரையைக் காணாமல் திரும்புவதில்லை. திருவல்லிக்கேணிக் கரையோரம், கடலை நோக்கி நிற்கும் வட்ட முகப்புக் கட்டடம் ஒன்றை அவர்கள் பார்த்திருப்பர். பலகை அதனை விவேகானந்தர் இல்லம் என்கிறது. ஊரார் வாய் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்கிறது. இரு பெயரும் பொய்யல்ல. ஆனால் இரண்டிலும் அடங்காத வரலாறு ஒன்று அங்கே உண்டு.

விக்டோரியா அரியணை ஏறிய ஐந்தாம் ஆண்டு, 1842இல், எழுந்த கிடங்கு அது. எழுப்பியவர் பிரடெரிக் டியூடர் எனும் அமெரிக்க வணிகர். பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறையும். அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலேற்றி விற்றார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பயணத்திற்குப் பின் கரைசேர்ந்தது ஏறத்தாழ 100 டன். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் பனிக்கிடங்குகள் எழுந்தன. இன்று எஞ்சி நிற்பது சென்னையில் உள்ளது மட்டுமே.

மனிதர் வாழ எழுப்பிய வீடல்ல அது. வீட்டுக்கு ஒளியும் காற்றும் உறவு. பனிக்கிடங்குக்கோ இரண்டும் பகை. ஆகவே கனத்த சுவர், காற்றுக்கு இடங்கொடாத அமைப்பு. சித்திரை வெயிலிலும் பனி உருகாமல் நின்றது எந்தத் தேவன் அருளால்? சுவரும் மரத்தூளும் வெப்பத்தைத் தடுத்தன, அவ்வளவே! அன்று சென்னையில் கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. அலையில் மசூலாப் படகு செலுத்திச் சரக்கைக் கரைசேர்த்தவன் நம்மவன். குளிர்ந்ததோ துரைமார் கோப்பை.

அதே சென்னைக் கடற்கரையில், 1877இல், வேறொரு சரக்கு மலைபோல் குவிந்தது. அது தானியம். தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிய நேரம். சேலத்திற்கு இருப்புப்பாதை வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ரயில் இருந்தது, கப்பல் இருந்தது, கிடங்கு இருந்தது. ஏழையின் கையில் வாங்கும் காசு இல்லை. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு, ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். நாமக்கல்லும் தர்மபுரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் 16 லட்சம். ஐவரில் ஒருவரைக் காணோம்! பனிக்கட்டியைப் பல்லாயிரம் கல் தொலைவு காத்து வரத் தெரிந்த உலகம், மனித உயிரைக் காக்க மறந்தது.

இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. டியூடரின் வணிகம் மாய்ந்தது. கிடங்கை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார், சாளரங்களும் வட்டத் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். கெர்னன் எனும் நீதிபதியின் பெயரைச் சூட்டினார். 1897இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். 1917இல் கட்டடம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

பின்னர் அங்கே குடியேறியவர் யார்? பால்மணம் மாறாத வயதில் தாலியறுத்த சிறுமியர்! தாமும் பிள்ளைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, ஏச்சையும் பேச்சையும் தாங்கி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, அவர்களை அங்கே தங்கவைத்துப் படிக்கவைத்தார். சாத்திரம் மூலையில் உட்காரச் சொன்ன பெண்கள், ஆசிரியைகளாக வெளியேறினர். அந்த விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கே திறந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். சீர்திருத்தத்தின் வாயிலிலும் சாதி காவல் நின்றது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, எல்லாப் பெண்ணுக்கும் மணவுரிமையும் சொத்துரிமையும் கேட்டது இதனால்தான்.

1963இல் கட்டடத்துக்கு இன்றைய பெயர் வந்தது. ஒன்பது நாள் தங்கியவர் பெயரைச் சுவர் ஏந்தி நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் அங்கே படித்து விடுதலை தேடிய சிறுமியரின் பெயர் எங்கே? பலகையை உடைக்கச் சொல்லவில்லை, தோழர்களே! அடுத்தமுறை அவ்வழியே செல்கையில், உடன் வரும் தங்கையிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். எவர் தங்கினார் என்பதால் அல்ல, எவரை வாழவைத்தது என்பதால்தான் ஒரு கட்டடத்துக்குப் பெருமை.