எலுமிச்சம்பழமும் பழைய ஸ்போர்ட்ஸ் செடானும்

புதுச்சேரியில் கார் வாங்கினால் நேராக மணக்குள விநாயகர் கோயிலுக்கு ஓட்டிப்போய், மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அமெரிக்காவிலும் காருக்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அங்கே பழம் சக்கரத்துக்கு அடியில் இல்லை, காரே எலுமிச்சைதான்! வெளியே பளபளப்பாகத் தெரிந்து, வாங்கிய பிறகு பல்லைக் கூச வைக்கும் காரை அங்கே 'லெமன்' என்பார்கள்.

இந்தச் சொல்லை வைத்து ஒருவர் நோபல் பரிசே வாங்கிவிட்டார். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் வெளியிட்டது. 2001இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

அவர் சொன்னது ரொம்ப எளிமை. நல்ல பழைய காரின் மதிப்பு 3 லட்சம், மோசமான காரின் மதிப்பு 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நடுவில் நின்று 2 லட்சம் கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் "அந்த விலைக்கு நானே ஓட்டிக்கொள்கிறேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சைகள். இது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும், இன்னும் நல்ல கார்கள் விலகும்.

சாதாரணக் காருக்கே இந்தக் கதி என்றால், வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் செடானுக்கு? முந்தைய உரிமையாளர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதை எப்படி விரட்டினார் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

சென்னையைச் சுற்றிப் பிறந்த கார்கள்

சந்தையை விட்டுக் கொஞ்சம் வரலாற்றுக்கு வருவோம். லைசென்ஸ் காலத்தில் இந்தியாவில் வேகமான நாலு கதவுக் கார் என்பது பெரும்பாலும் கனவு. அந்தக் கனவை விற்க முயன்ற ஒரு கம்பெனி சென்னைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' காரைக் கொண்டுவந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வடிவம் அது. ஆனால் அங்கே 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்த இடத்தில், இங்கே பழைய வான்கார்ட் காலத்து 2 லிட்டர் எஞ்சினை உட்கார வைத்தார்கள். புலித்தோல் போர்த்திய பசு! 1988இல் கதை முடிந்தது. வாங்கியவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியதாயிற்று.

1993இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அதன் பிறகுதான் உண்மையான ஆட்டம்.

1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைக் கூட்டாகத் தயாரிக்கத் தொடங்கியது. அப்போது உலக ராலி சாம்பியன்ஷிப்பில் டாமி மாக்கினன் லான்சர் எவல்யூஷனில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றுகொண்டிருந்தார். இங்கே விற்ற 1.5 லிட்டர் காருக்கும் அந்த ராலி காருக்கும் பெயரிலும் முகத்திலும்தான் உறவு. ஆனாலும் அந்தப் பெயருக்கே ஒரு கிறக்கம் இருந்தது.

1999 கடைசியில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம். 1.6 லிட்டர் எஞ்சினில் சுமார் 92 குதிரைத்திறன். 2000இல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறனோடு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 2003இல் வந்த அடுத்த சிட்டி 77 குதிரைத்திறனோடுதான் தொடங்கியது. மைலேஜ் கூடியது, வேகம் குறைந்தது. பழைய விடெக்கை இன்னும் சிலர் தேடுவதற்குக் காரணம் இதுதான். 2004இல் ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன் என்று எல்லோரையும் தாண்டிப் போனது.

இன்று? இந்தியாவில் லான்சர் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அது பிறந்த திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் பிரெஞ்சுக் கம்பெனியான சிட்ரோயனின் கார்கள் உருவாகின்றன. (பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் புதுச்சேரியை விட்டுப் போனவர்கள், கார் வழியாகப் பக்கத்திலேயே திரும்பி வந்துவிட்டார்கள்!) ஃபோர்டு 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கப்போவதாக 2024இல் சொன்னது. ஐகானுக்கு அதனால் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

காகிதம் பேசும்

புதுச்சேரியில் பழைய கார் வாங்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே சாலை வரி அண்டை மாநிலங்களைவிடக் குறைவு. அதனால் வெளியூர்க்காரர்கள் உள்ளூர் முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களை பி.ஒய். எண்ணில் பதிவு செய்வது வழக்கமாகி, 2017இல் கேரளாவில் வழக்குகள் வரை போனது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். எனவே பி.ஒய். எண் பார்த்து "உள்ளூர் வண்டி" என்று நம்பிவிடக் கூடாது. வண்டி எங்கே ஓடியது, எந்த ஊரில் சர்வீஸ் ஆனது என்று பில்களைக் கேட்க வேண்டும். கடலூரோ விழுப்புரமோ கொண்டுபோகப் போகிறவர் என்.ஓ.சி.யையும், அங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது வயது. 15 வருடம் முடிந்த காரின் பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆனது. மேலே சொன்ன கார்களில் பெரும்பாலானவை இப்போது இந்த 20 வருடக் கணக்கில் வருபவை.

உப்பும் தண்ணீரும்

காகிதம் சரியாக இருந்தாலும் கடற்கரை ஊரின் உப்புக்காற்று விடாது. கால்மிதியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும், ஜாக்கி போடும் இடங்களையும் தட்டிப் பார்க்க வேண்டும். புது பெயிண்ட் அடித்த கார் என்றால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் வர வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாமல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற கார்களைக் கழுவித் துடைத்துவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளின் அடியில் சேற்றுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் வேண்டும். வாய் வார்த்தை போதாது.

ஆக, எது?

ஸ்டாண்டர்ட் 2000 முதல் ஐகான் வரை பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கார்களின் விலையைச் சாய்த்தது வயது மட்டுமல்ல. கம்பெனி கடையை மூடியதும், பார்ட்ஸ் கிடைக்குமா என்ற பயமும் சேர்ந்துதான் சாய்த்தன. எனவே "எவ்வளவு குதிரைத்திறன்?" என்பது இரண்டாவது கேள்வி. "பிரேக் டிஸ்க்கும் வாட்டர் பம்ப்பும் யாரிடம் கிடைக்கும்?" என்பதே முதல் கேள்வி. அந்தக் கணக்கில், இன்னும் இந்தியாவில் கடை நடத்தும் ஹோண்டாவின் பழைய விடெக் முன்னால் நிற்கிறது. ஆக்டேவியா வேகத்தில் ராஜா, ஆனால் பில்லிலும் ராஜா. லான்சரும் ஐகானும், கைராசியான மெக்கானிக் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு.

அக்கர்லாஃப் நோய்க்கு மருந்தும் அவர் கட்டுரையிலேயே இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிந்துவிட்டால் எலுமிச்சைக்கு வேலை இல்லை. ஒரு கட்டு சர்வீஸ் பில்லை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் மனிதர், 20 ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். பல வருடச் சம்பளச் சேமிப்பையோ, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தையோ கொண்டு வாங்கும் கார் இது. முதலில் நல்ல உரிமையாளரைத் தேடுங்கள், கார் பின்னால் வரும்.

எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் மட்டும் இருக்கட்டும்!