கேக்கில் 471: நான் பகிர்ந்த பட்டியலும் இந்தோனேசியா கற்ற பாடமும்

 

போன வாரம் ‘ஹராம் எண்கள்’ என்றொரு பட்டியலை இங்கே பகிர்ந்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே கேக் செய்து விற்கும் என் பழைய மாணவியிடம் இரண்டு பேர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். அவள் சேர்க்கும் கேக் ஜெல்லில் 471 என்ற எண் இருந்ததாம். “நீங்க போட்டா எல்லாரும் நம்புவாங்களே டீச்சர்” என்றாள். விசாரிக்காமல் பகிர்ந்தது என் தவறு.

இப்படியொரு பதற்றம் 1988இல் இந்தோனேசியாவையே உலுக்கியது. மலாங் நகரிலுள்ள பிராவிஜயா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், கடைகளில் விற்கும் பல உணவுப் பொருள்களில் பன்றியிலிருந்து எடுத்த கொழுப்போ ஜெலட்டினோ இருக்கக்கூடும் என்று எழுதினார். செய்தி வதந்தியாகப் பெருகியது. மக்கள் வாங்கப் பயந்தார்கள், விற்பனை சரிந்தது. எது உண்மை என்று ஆராய்ந்து சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று 1989 ஜனவரி 6 அன்று அந்நாட்டு உலமா சபை ஒன்றை நிறுவியது. ஆலைக்குப் போய் மூலப்பொருளை ஆராய்வது விஞ்ஞானிகள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆலிம்கள்.

2001இல் அங்கே அஜினோமோட்டோ விவகாரம் வெடித்தது. விற்ற உப்பில் பன்றிப் பொருள் இல்லை. அதை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கான ஊட்டத்தைத் தயாரிக்கத்தான் பன்றியின் நொதி பயன்பட்டிருந்தது. உலமா சபை ஹராம் என்றது. தாமே மார்க்க அறிஞரான அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால் என்றார். நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்று, ஊட்டத்தை மாற்றியது.

ஆக, கேட்க வேண்டியது எண்ணை அல்ல, மூலத்தை. 471 எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பது. பாமாயிலிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். ரொட்டி மாவை இளக்கும் 920 இறகிலிருந்தும் வரும், நொதிக்கவைத்தும் செய்வார்கள். ஜெலட்டின் பன்றி, மாடு, மீன் மூன்றிலும் உண்டு.

நம் நாட்டில் பாக்கெட்டின் மேல் பச்சை அடையாளம் இருந்தால், பால், தேன் போன்றவை தவிர விலங்குப் பொருள் இல்லை என்று அர்த்தம். எசென்ஸில் ஆல்கஹால் உண்டா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். எதுவும் புரியாவிட்டால் தயாரித்தவரிடமே கேட்கலாம்.

அவள் வீட்டுக்குப் போய் அந்த டப்பாவைப் பார்த்தேன். பச்சை அடையாளம் இருக்கிறது. பட்டியலை நீக்கிவிட்டேன். ஆர்டரை ரத்து செய்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அவளை ஒருமுறை கூப்பிடுங்கள்.