நீல ராத்திரிகள் – 14: டோனியின் எட்டு நிமிடம்

மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குள் மின்பியானோ நுழைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். எழுத உட்காருமுன் ‘நெஃபர்டிட்டி’ இசைத்தட்டைப் போட்டேன். அவர் முழுக்க மின்கருவி இல்லாமல் செய்த கடைசித் தட்டு. முதல் உருப்படியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

1967 ஜூன் 7. நியூயார்க் 30ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடம். வெய்ன் ஷார்ட்டர் எழுதிவந்த மெட்டு சின்னது, தூக்கம் கலையாத மெட்டு. ஜாஸ் வழக்கப்படி மெட்டை வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு தனி வாசிக்க வேண்டும். இங்கே தனியே கிடையாது. மைல்ஸின் டிரம்பெட்டும் ஷார்ட்டரின் சாக்ஸபோனும் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதுகின்றன. பாடகர் பல்லவியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க, மிருதங்கம் கச்சேரியையே எடுத்துக்கொண்டதுபோல, கீழே டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ் கொதிக்கிறது.

அப்போது டோனிக்கு 21 வயது. பாஸ்டனில் ஆலன் டாசனிடம் கற்ற பிள்ளை. 1963இல் மைல்ஸ் அழைத்துக்கொண்டபோது வயது 17. இந்த உருப்படியில் முதலில் சிம்பலைத் தடவுகிறார். ஹெர்பி ஹான்காக்கின் பியானோ ஒரு சுரக்கொத்தைப் போட்டால் அதற்குப் பதில் சொல்கிறார். பிறகு அலை எழும்புகிறது. ஊதுகிறவர்கள் அசையாமல் நிற்க, அலை அவர்கள்மேல் மோதி உடைகிறது. ரான் கார்ட்டரின் பாஸ் இல்லையென்றால் எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

வரலாறு எழுதியவர்கள் இந்தக் குழுவை ‘மைல்ஸின் இரண்டாம் ஐவர் குழு’ என்கிறார்கள். எனக்கு அது டோனியின் குழு. குழுவின் ஒலி அவரைச் சுற்றியே சுழன்றது என்று மைல்ஸே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். டிரம்ஸ்காரர் என்றால் தாளம் தப்பாமல் காவல் காப்பவர், அவ்வளவுதான் என்று இன்னும் பேசுகிறவர்கள் இந்த எட்டு நிமிடத்தைக் கேட்காதவர்கள்.

இதே தட்டின் கடைசி ஒலிப்பதிவு ஜூலை 19இல் நடந்தது. மைல்ஸின் முதல் ஐவர் குழுவில் வாசித்த ஜான் கோல்ட்ரேன் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த அறைக்குள் ஐந்து பேரும் என்ன மனநிலையில் நுழைந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த முதல் உருப்படிக்கே திரும்புகிறேன். போகப்போக, ஷார்ட்டர் மைல்ஸுக்கு ஒரு மூச்சு பின்தங்கி ஊதுகிறார். ஒரே மெட்டு உருவமும் நிழலுமாகப் பிரிகிறது. அந்த இடைவெளிக்குள்ளும் டோனி புகுந்துவிடுகிறார்.

மின்பியானோ அடுத்த வாரம்.