மரவுரியும் சாக்கு மரமும்



இராமர் வனவாசம் போகும் பாடம் வந்தால் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், மரவுரின்னா என்ன? மரப்பட்டையை எப்படி உடுத்துறது, குத்தாதா?" நல்ல கேள்வி. இன்று கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மரத்தின் வெளிப்பட்டை வேறு, உட்பட்டை வேறு. வெளியே சொரசொரப்பு, உள்ளே நார். ஆத்தி மரத்துப் பட்டையை உரித்துக் கட்டுக்கயிறாகப் பயன்படுத்தியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஒரு பெரிய மரம் உண்டு. தாவரவியல் பெயர் ஆன்டியாரிஸ் டாக்சிகேரியா. கேரளத்தில் மரவுரி மரம் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் 'சாக்கு மரம்' என்றே ஒரு பெயர். ஜாவாப் பக்கம் இதே மரத்தின் பாலை அம்பு நுனியில் நஞ்சாகத் தடவினார்கள்.

சாக்கு என்று ஏன் பெயர்? வேண்டிய நீளத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, ஊறவைத்து, பட்டை இளகும்வரை சுற்றிலும் தட்டுவார்கள். பிறகு சட்டைக் கையைத் திருப்புவது போல உட்புறம் வெளியே வர உருவுவார்கள். அடியில் மட்டும் ஒரு வில்லை மரத்தை விட்டு அறுத்துவிட்டால் அதுவே சாக்கின் அடிப்பாகம். தையல் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைப் பக்கம் இதில் அரிசி கட்டினார்கள். இடுக்கி மலையில் ஊராளி மக்கள் மரவுரி செய்து உடுத்தினார்கள். இலங்கையில் வேடர்களும் இதே மரத்தின் பட்டையில் துணியும் பையும் செய்தார்கள். சிங்களத்தில் அந்த மரத்துக்கு 'ரிட்டி' என்று பெயர். செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய நூல் 1911-இல் வெளிவந்தது.

இந்தப் பை எப்படி மறைந்தது? 1830-களில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் சணலை இயந்திரத்தில் நூற்கக் கற்றார்கள். 1855-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் சணல் ஆலை வந்தது. மலிவான கோணிச்சாக்கு ஊர் ஊராக வந்தபின் கட்டையைத் தட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? பிறகு கோணியையும் பிளாஸ்டிக் சாக்கு தள்ளிவிட்டது.

கடல் கடந்தும் இதே கதைதான். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்களில் பெண்கள், பாஸ்வுட் என்ற மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, வேகவைத்து, நாராகக் கிழித்து முறுக்கி, தறியே இல்லாமல் விரலால் பை பின்னினார்கள். ஏரியில் விளையும் காட்டரிசி போன்றவற்றைச் சேமிக்க அது உதவியது. சில பைகளில் ஒருபுறம் இடிப்பறவை, மறுபுறம் நீரடிச் சிறுத்தை. மேலுலகும் கீழுலகும் ஒரே பையில்! இன்று அத்தகைய பைகள் பல அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. இன்றும் பின்னத் தெரிந்தவர்கள் அந்த மக்களிடையே இருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பழைய சேகரிப்புகளில் பையை வாங்கிக் கொடுத்த துரையின் பெயர் பெரும்பாலும் இருக்கும். பின்னிய அம்மாவின் பெயர் இருப்பது அபூர்வம். பொருள் பிழைத்தது, ஆள் தொலைந்துபோனார்.

நம் கன்னிவாடிக்கு மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் பளியர் குடியிருப்புகள் உண்டு. காட்டுக்கொடியைக் கயிறாக்கிப் பாறையில் இறங்கித் தேன் எடுத்தவர்கள் அவர்கள். எந்தக் கொடி தாங்கும், எது அறும் என்பது எந்தப் புத்தகத்தையும் பார்த்து அவர்கள் கற்றதல்ல. கீழே நம் வீடுகளிலும் ஓலைக்கொட்டான், நார்ப்பெட்டி, கடகம் முடையத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன.

ஆகவே பிள்ளைகளே, இந்த வாத்தியார் தரும் வீட்டுப்பாடம் இது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பெட்டி இருந்தால் படம் எடுங்கள். எந்த நார், எந்த மாதம் வெட்டினார்கள், யார் முடைந்தது என்று அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ கேட்டு, பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மலையில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் பெரியவர்களிடம் கேட்டு நீங்களே எழுதுங்கள். வெளியாள் வந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.