வசீக்கா: பத்து ரூபாயின் இன்றைய மதிப்பு

லக்னோவின் உசைனாபாத் ஓவியக்கூடக் கட்டடத்தில் வசீக்கா அலுவலகம் இயங்கிவருகிறது. அவத் நவாபுகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே ஓய்வூதியம் பெறுகின்றனர். அவர்களுள் மாதம் பத்து ரூபாய்க்கும் குறைவாகப் பெறுவோரும் உண்டு. வந்துபோகும் வண்டிக்கூலியே அதைவிட மிகுதி. நாளேடுகள் இதனை வேடிக்கைச் செய்தியாக்கிவிடுகின்றன. மூதாதையரின் தொகை இன்று என்ன பெறும் என்னும் கேள்வியை முறையாகக் கேட்டவர் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வசீக்கா என்பது கொடையன்று, கடனின் வட்டி. அச்சொல்லே எழுதப்பட்ட பத்திரத்தைக் குறிப்பது. பர்மியப் போரில் பணமுடையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1825இல் காசியுத்தீன் ஹைதர் ஒரு கோடி ரூபாய் கடனளித்தார். முதல் திருப்பித் தரப்பட வேண்டியதில்லை. நூற்றுக்கு 5 வட்டி, குறிப்பிட்ட சிலருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் வழங்கப்பட வேண்டும் என்பது உடன்பாடு. ஆண்டுக்கு 5 லட்சம். 1856இல் கம்பெனி அவத்தையே இணைத்துக்கொண்டது. வட்டி மட்டும் தொடர்ந்தது.

இதனை மதிப்பிட இணையக் கணிப்பான்களை நம்புவது வீண். ரூபாயைப் பவுண்டாக்கிப் பிரிட்டன் விலைவாசியால் பெருக்கும் கணக்கில் லக்னோவின் கோதுமைக்கு இடமில்லை. வெள்ளிக்கணக்கு ஓரளவு நேர்மையானது. 1835ஆம் ஆண்டின் சீர்நிலைப்படி ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி இருந்தது. அந்த அளவில் பத்து ரூபாய் என்பது 107 கிராம். ஆண்டு வட்டி 5 லட்சமோ 5.3 டன்னுக்கு மேல். ஆனால் 1893இல் நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக்கித் தர மறுத்தபின் ரூபாயின் மதிப்பு வெள்ளியின் விலையிலிருந்து பிரிந்தது. 1940இல் நாணயத்தின் வெள்ளி பாதியாகக் குறைந்தது; சில ஆண்டுகளில் அதுவும் நீங்கி நிக்கல் வந்தது. எனவே வெள்ளியின் இன்றைய விலையால் பெருக்கினால் கிட்டுவது உலோகத்தின் விலையே; அத்தொகையால் அன்று வாழ்ந்த வாழ்க்கையின் விலை அன்று.

அதற்குக் கூலியே அளவுகோல். கம்பெனிச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். ஆண்டு வட்டியைக் கொண்டு ஏறத்தாழ 6,000 சிப்பாய்களுக்கு ஓராண்டுச் சம்பளம் அளித்திருக்கலாம். இன்றைய காலாட்படை வீரரின் ஊதியத்தை அதனோடு பெருக்கிப் பார்ப்பவர்க்கு, வெள்ளிக்கணக்கைவிடப் பன்மடங்கு பெரிய தொகை கிட்டும். (இரண்டும் சரியே, விடையளிக்கும் கேள்விகள்தாம் வேறு.)

இங்கேதான் செய்தியாளர்கள் இடறுகின்றனர். பத்து ரூபாயின் சிறுமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பணவீக்கம். மற்றது, பாகப்பிரிவினை. தலைமுறைதோறும் இஸ்லாமிய வாரிசு முறைப்படி பங்கு பிளந்துகொண்டே சென்றது. நவாபின் மனைவியருள் ஒருவரான முபாரக் மகலுக்கு வந்த தொகையின் பெரும்பகுதி, அவர் இறந்தபின் வாரிசுகளை விட்டு நஜஃப், கர்பலா நகரங்களின் முஜ்தகிதுகளைச் சென்றடைந்தது. பங்கு சிறுத்ததற்கு அரசு பொறுப்பன்று. ரூபாய் சிறுத்ததோ ரூபாயை அச்சிட்டவர்களின் காலத்தில். தனிமனிதரின் பத்து ரூபாயை மட்டும் எடுத்துப் பேசினால் இரண்டு இழப்புகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 5 லட்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இரண்டாவது இழப்பு மட்டும் தனியே தெரியும்.

அரசின் பக்கம் வலுவான விடை ஒன்றுண்டு: பத்திரத்தில் எழுதப்பட்டது ரூபாய், கொடுக்கப்படுவதும் ரூபாய். அப்பத்திரம் எழுதப்பட்ட நாளில் ரூபாய் என்பது ஒரு வெள்ளி எடையின் பெயராகவும் இருந்தது என்பதை வாரிசுகளின் வழக்குரைஞர் எடுத்துக்காட்டலாம்.